மணிக்கு நாலு கிலோமீட்டர்

மஞ்சள் விளக்கு எரிந்தபோது கார் மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

கியர்பாக்ஸ் சூடேறிவிட்டது, உடனே நிறுத்து என்று அதற்கு அர்த்தம். வேதாச்சலத்துக்குப் பக்க எண்ணே தெரியும். காரோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை முழுசாகப் படித்தவர் அவர். ஆனால் எங்கே நிறுத்துவது? முன்னால் பேண்டு செட்டுக்காரர்கள் பதினாறு பேர் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரே பாட்டை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஜெனரேட்டர் வண்டி. நடுவில் அவருடைய புது ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடித்துப் போட்டு, உடம்பெல்லாம் சாமந்தியோடு.

அதில் இருப்பதே இரண்டு சீட். ஒன்றில் அவர். இன்னொன்று காலி. மாப்பிள்ளை சீனு அதில் உட்கார்ந்தால் தலைப்பாகை மட்டும்தான் வெளியே தெரிகிறது என்று, சீட்டுக்குப் பின்னால், மடிந்த கூரையை மூடியிருக்கும் பலகையின் மேல் அவனை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் மேல் கையைக்கூட ஊன்றக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. சீனு எண்பத்தைந்து கிலோ. மாலையைச் சேர்க்காமல்.

"கோவர்த்தனா, வண்டிய நிறுத்தணும்டா. சூடாயிடிச்சி."

கோவர்த்தனன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணங்களுக்குப் பந்தலும் லைட் செட்டும் போடுகிறவன். கார் கதவில் கையை வைத்துக்கொண்டு, மாட்டை நடத்துகிற மாதிரி கூடவே நடந்துகொண்டிருந்தான்.

"நிறுத்தறதா? ஏழரைக்குள்ள மண்டபம் போயாவணும் மாமா. மெதுவாப் போ, ஆறிடும்."

"மெதுவாப் போறதாலதான்டா சூடாச்சி."

"அதெப்டி மாமா? வேகமாப் போனாதான் சூடாவும். நீ உரக்கடை வெச்சிக்கினு இருக்கற, உனக்கு இன்னா தெரியும்?"

பேண்டு செட் நாலாவது தடவை அதே பாட்டை ஆரம்பித்தது.

வேதாச்சலத்துக்கு வடமாலபேட்டையில் உரக்கடை, திருப்பதியில் வீடு. சென்னை ரோட்டை அகலப்படுத்தியபோது அவருடைய நிலத்தில் முக்கால்வாசி ரோட்டுக்குப் போனது. அந்தப் பணத்தில் எல்லாரும் மனை வாங்கினார்கள். அவர் ஐம்பத்திரண்டாம் வயதில் இந்தக் காரை வாங்கினார். நிலத்தை எடுத்துக்கொண்ட ரோட்டில் ஓட்டவாவது ஓட்டுவோம் என்று யாராவது கேட்டால் சொல்வார். உண்மையான காரணம் அதைவிடச் சாதாரணமானது. இருபது வயதிலிருந்தே அவருக்குக் கூரை இல்லாத கார் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூரையைத் திறந்துபோட்டு, திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக மனைவி சுலோசனாவுக்குக்கூடத் தெரியாது.

காரை அவர் பார்த்துக்கொண்ட விதம் தெருவுக்கே வேடிக்கை. கழுவுவதற்கு இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். துடைக்க ஒரு துணி, கண்ணாடிக்கு வேறு துணி. வயிறு தரையில் உரசும் என்பதால் ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்காக, நண்டு மாதிரிதான் கடப்பார். டயருக்குக் காற்று வாரம் ஒரு தடவை. ஸ்டியரிங்கை இன்னொருவர் தொட்டது கிடையாது.

ஆனால் கூரை திறக்கும் கார் திருப்பதியில் ஒரு வீட்டில் நிற்கிறது என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. இங்கே கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம். ஊர்வலம் என்றால் திறந்த கார். வைகாசியில் புத்தூர் மாப்பிள்ளை, அடுத்து சத்தியவேடு மாப்பிள்ளை, ஆனியில் இந்தச் சீனு. முதலாவதுக்கு மறுக்க வாய் வரவில்லை, கொடுத்துவிட்டார். இரண்டாவதுக்குக் கூரை மாட்டிக்கொண்டது, திறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கோவர்த்தனன் லைட் செட் ஆட்கள் இரண்டு பேரோடும் ஒரு கடப்பாரையோடும் வந்து இறங்கினான்.

"நவுரு மாமா, நெம்பி எடுத்துடலாம்."

வேதாச்சலம் ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினார். கூரை பதினெட்டு விநாடியில் அழகாக மடிந்து உள்ளே போனது.

"பாத்தியா? எங்களப் பாத்ததும் தானா சரியாயிடிச்சி," என்றான் கோவர்த்தனன்.

ஊர்வலம் ஒரு நாள். மிச்ச நாள் கடை நேரம் போகச் சுரண்டல். பூவை ஒட்டிய டேப்பின் பிசினைப் பெயிண்டுக்கு நோகாமல் எடுக்க ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். மகள் நீரஜாவும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்காருவாள். ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள், பொறுமையான கை. அதிகம் பேச மாட்டாள். அவர்தான் பேசுவார், எஞ்சின் பற்றி. மூன்று மாதத்தில் கார் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு தடவைகூட முப்பதைத் தாண்டவில்லை.

ஆடி பிறந்தது. ஊர்வலத்துக்கு ஒரு மாதம் விடுமுறை என்று அவர் மூச்சுவிட்ட மூன்றாம் நாள் ஆவணி முகூர்த்தங்களுக்குக் காரைக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாலு பேர். நாலாவது ஆள் கடைக்கே வந்து, யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, தேதியை எழுதிக்கச் சொன்னார்.

அப்போதுதான் வேதாச்சலம் அதைச் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"கார் இருக்குது. தாராளமா எடுத்துக்கினு போ. ஆனா மூணு மாப்பிள்ளைங்க இதுல ஏறினாங்க. மூணு பொண்ணும் இன்னிக்கி அம்மா வூட்ல கீது. நான் ஒண்ணும் சொல்லலப்பா."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆடியில் புதுப் பெண்கள் அம்மா வீட்டில்தான் இருப்பார்கள். அதுவும் இந்தப் பக்கத்தில் ஒரு ஆடியோடு போகாது. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம், தமிழர்களுக்கு ஆடி, எல்லையில் இருக்கிறவர்களுக்கு இரண்டும். ஆஷாடம் பிறக்கும்போது பிரித்த பெண்ணை ஆடி முடிந்துதான் திருப்பி அனுப்புவார்கள். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் காரைப் பற்றிப் பேசும்போது யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தவர்கள் அந்த மூன்று வீட்டுக்கும் போன் செய்து, "மருமவ வூட்ல கீறாளா?" என்று கேட்டார்கள். இல்லை, அம்மா வீட்டில் என்று பதில் வந்தது. மேற்கொண்டு கேட்பதற்குப் பயந்து வைத்துவிட்டார்கள்.

இரண்டே நாளில் நாலு பேரும் தேதியை அழித்துக்கொண்டார்கள். வேதாச்சலம் அந்த வாரம் நன்றாகத் தூங்கினார். ஞாயிறு விடிகாலை சித்தூர் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை டயருக்குக் காற்றுப் பார்த்து, சனிக்கிழமை காலையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தூரிலிருந்து போன் வந்தது.

பேசியவர் சிட்டிபாபு. நீரஜாவுக்கு மாமனார் ஆகப் போகிறவர். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மகன் விஷ்ணுவர்தன் பெங்களூரில் சாஃப்ட்வேர். பெண் பார்க்க வந்த அன்று பையன் நீரஜாவோடு நாலு நிமிஷம் பேசினான். காரைச் சுற்றி வந்து வேதாச்சலத்தோடு ஒரு மணி நேரம் பேசினான். கேட்ட கேள்வி எல்லாம் சரியான கேள்வி. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆவணி கடைசி முகூர்த்தம்.

"பாவா, ஒக்க மாட்ட, ஒரே வார்த்த," என்று சம்பந்தி உறவைத் தெலுங்கில் சொல்லி ஆரம்பித்தார் சிட்டிபாபு. "உங்க காரப் பத்தி ஒரு சேதி வந்திச்சி. மூணு குடும்பத்தப் பிரிச்ச காராமே?"

"ஐயோ, அது ஆடிமாசம் பாவா. எல்லா வூட்லயும் பொண்ணு அம்மா வூட்லதான் இருக்கும்."

"அத்தத்தான் நானும் சொன்னேன். எங்க வூட்டம்மா ஒத்துக்கல. ஆடி போயி திரும்பி வர்றாங்களா இல்லியான்னு யாரு கண்டாங்கன்னு கேக்கறா. நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க. ஆவணிக்குள்ள அந்தக் கார வித்துடுங்க. இல்லன்னா கல்யாணத்தப் பத்தி நாங்க கொஞ்சம் ஆலோசன பண்ணணும்."

போனை வைத்த பிறகு வேதாச்சலத்தின் மனதில் முதலில் வந்தது மகளின் முகம் இல்லை. காரின் முகம்தான். அது அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் அப்படித்தான் வந்தது.

"வித்துத் தொலைங்க," என்றாள் சுலோசனா. "பொண்ணவிட அந்தத் தகரம் பெருசா?"

"தகரம் இல்லடி, அலுமினியம்."

சுலோசனா எழுந்து உள்ளே போய்விட்டாள். கூடத்தில் நீரஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சித்தூருக்கு இதைச் சொன்னது யார்? ஊர்வலத்துக்குக் கார் இல்லாமல் போய்விட்ட கோபத்தில் கோவர்த்தனன்தான் சொல்லியிருப்பான் என்று வேதாச்சலத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. போனை எடுத்து, முப்பது வருஷமாக மச்சினனைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னார்.

"எங்கிட்ட சித்தூர்காரன் நம்பரே இல்ல மாமா!" என்று கத்தினான் கோவர்த்தனன். "இன்னிக்கி சொல்றேன், உம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தலுக்கு வேற ஆளப் பாத்துக்க. வாழ மரம்கூடக் கட்ட மாட்டேன்."

ஆக, காரும் போகும் நிலை, கல்யாணமும் போகும் நிலை, பந்தல் ஏற்கெனவே போய்விட்டது.

மூன்று ஜோடியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று காட்டினால் முடிந்தது விஷயம் என்று அவருக்குத் தோன்றியது. சீனுவின் மனைவி காஞ்சனா இருந்தது சித்தூரில், அம்மா வீட்டில், சிட்டிபாபு வீட்டுக்கு இரண்டே தெரு தள்ளி. அங்கேயே ஆரம்பிப்போம் என்று போன் செய்தார். அம்மா வெங்கடலட்சுமி எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. உம் பொண்ணும் மாப்பிள்ளயும் ஒத்துமையாத்தான கீறாங்க? சும்மா கேட்டேன்."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்துவது கேட்டது.

"சும்மா யாரு இதக் கேப்பாங்க? எம் மாப்பிள்ள உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணும் சொல்லாமியா போன் பண்றீங்க? ஐயோ, காஞ்சனா!"

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு யாரோ வாசல் கேட்டை உலுக்கினார்கள். சீனு. கண் சிவந்திருந்தது.

"மாமா, எங்க மாமியார்கிட்ட இன்னா சொன்னீங்க? காஞ்சனா ராத்திரி பூரா அழுவுது. எனக்கு இஷ்டம் இல்லன்னு யாரோ சொன்னாங்களாம். பத்து நாள்தான் மாமா ஒண்ணா இருந்தோம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி பாத்து."

வேதாச்சலம் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறுடா."

"எங்க?"

"சித்தூர். ரெண்டு பேரும் சேந்து சிட்டிபாபு வூட்டு முன்னால ரெண்டு நிமிசம் நில்லுங்க. போதும்."

"ஆடியில பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்களே மாமா."

"அப்ப எறங்கு."

சீனு பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

சந்திரகிரி தாண்டியதும் ரோடு காலியாக நீண்டது. கூரை திறந்திருந்தது. வேதாச்சலம் காலை அழுத்தினார். அறுபது, எண்பது, நூறு. காற்று காதில் அடித்தது. மூன்று மாதமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்த எஞ்சின் முதல் தடவையாகப் பேசியது. வேதாச்சலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"காஞ்சனாவுக்குக் கத்திரிக்கா ஆவாது மாமா!" என்று சீனு கத்தினான்.

"இன்னா?"

"கத்திரிக்கா! எங்கம்மா தினம் அதையே செய்யுது! பாவம், பேசாம துன்னுது!"

பாகாலா ரோடு பிரிகிற இடம் வரைக்கும் சீனு நிறுத்தவில்லை. அவள் தூங்கும்போது விரலை மடக்கிக்கொள்வாளாம். லைன்மேன் வேலைக்கு அவன் கம்பம் ஏறினால் இவள் போன் செய்யவே மாட்டாளாம், இறங்கிய பிறகுதான் செய்வாளாம். வேதாச்சலம் எஞ்சின் சத்தத்தைக் கேட்கப் பார்த்தார், சீனுவின் சத்தம்தான் கேட்டது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு ஓடியது. முப்பது வருஷத்து ஆசை இருபது நிமிஷத்தில் முடிந்துபோனது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூறில் போகிறவனுக்கு, போவதைத் தவிரச் செய்ய வேறு ஒன்றும் இல்லை என்பதை அந்தப் புத்தகம் எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை.

சித்தூரில் வெங்கடலட்சுமி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆடியில மாப்பிள்ள வாசப்படி மிதிக்கக் கூடாது. அப்டியே திரும்பிப் போங்க."

"அவன் மிதிக்கலம்மா, காருக்குள்ளதான கீறான்," என்று வேதாச்சலம் இறங்கிப் போய்க் கும்பிட்டார். "உம் பொண்ண ரெண்டு நிமிசம் வெளிய அனுப்பு."

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றியிருந்த காஞ்சனா அம்மாவின் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, நேராகப் போய் வேதாச்சலத்தின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு சீட்டும் முடிந்துபோனது.

"சீனு, நீ இந்தப் பக்கம் வந்து ஓட்டு," என்றார் வேதாச்சலம். சாவியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "ரெண்டே தெரு. இருபதத் தாண்டாத. வேகத்தட வந்தா குறுக்கால ஏத்து."

கார் தெரு முனையில் திரும்பியது. பத்து நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. வெங்கடலட்சுமி திட்டிக்கொண்டே நாற்காலி கொண்டுவந்து போட்டாள். திட்டிக்கொண்டே இட்லி வைத்தாள்.

"துன்னுங்க. துன்னுட்டுப் போயி எம் பொண்ணத் தேடுங்க."

இரண்டு மணி நேரம் கழித்து, பனியனோடு ஸ்கூட்டரில் சிட்டிபாபு வந்து சேர்ந்தார். சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாவா! உங்க கார் எங்க தெருவுல மூணு தபா போச்சி. மொதல் தபா ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு போனாங்க. ரெண்டாந்தபா அந்தப் பொண்ணு ஓட்டுது."

"காஞ்சனாவா?" வேதாச்சலம் எழுந்துவிட்டார். "அதுக்கு லைசென்ஸ் கீதா?"

"இருக்குது, இருக்குது," என்றாள் வெங்கடலட்சுமி.

"மூணாந்தபா கூரைய மூடிக்கினாங்க பாவா!" சிட்டிபாபு தொடையைத் தட்டினார். "இதப் போயி பிரிக்கற கார்னாங்களே. ஆடியிலேயே சேத்து வெச்சிடிச்சி. எங்க வூட்டம்மா பால்கனியில நின்னு பாத்தா. கார விக்கக் கூடாதுன்னுட்டா. எங்க விஷ்ணு இதுலதான் மண்டபத்துக்கு வரணுமாம்."

கார் பத்தரைக்கு வந்தது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. முன் பம்பரில் ஒரு கீறல். டேஷ்போர்டு மேல் மாம்பழச் சாறு காய்ந்திருந்தது. காஞ்சனா இறங்கி, அம்மாவைப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். வேதாச்சலம் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. திரும்பும்போது எண்பதிலேயே ஓட்டினார். சீனு தூங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுலோசனா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். வேதாச்சலம் இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து, காரைக் கழுவ உட்கார்ந்தார். நீரஜா வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பம்பரைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். சீனுவின் கத்திரிக்காய், திட்டிக்கொண்டே வைத்த இட்லி, மூடிய கூரை, எல்லாம். அவள் ஒரே ஒரு தடவை சிரித்தாள், காஞ்சனா ஓட்டிய இடத்தில்.

"அவங்களே வாய்விட்டு சொல்லிட்டாங்க. கார் நம்மளோடவே இருக்கும். இனிமே உங் கல்யாணத்த யாராலயும் நிறுத்த முடியாதும்மா," என்றார் வேதாச்சலம்.

நீரஜா துணியைப் பிழிந்தாள். கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"கோவர்த்தன் மாமாகிட்ட மன்னிப்பு கேட்டுடு நைனா. கல்யாணம் நிக்கட்டும்னு சித்தூருக்குப் போன் பண்ணிச் சொன்னது அவரு இல்ல, நான்தான்."